லோயர் ஸமட் விட்டுவிட்ட இரண்டு தாள்

வழக்கென்று யார் வந்தாலும் அப்துல் ஸமட் லோயர் முதலில் பெயரைக் கேட்கமாட்டார். "நீங்க எந்த ஊட்டுல படுக்கிற?" என்றுதான் கேட்பார். கல்முனைச் சந்தையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. ஆனால் கேள்வியில் விஷயம் இருந்தது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த ஆண் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். அடையாள அட்டையில் மட்டும் தாய்வீட்டு விலாசம் சாகும்வரை அப்படியே கிடக்கும். அதை மாற்றுவதற்காகக் கந்தோர் கந்தோராக அலைய யாருக்கு நேரம்? ஆக, கல்முனையில் ஓர் ஆண்பிள்ளையை அவனுடைய விலாசத்தில் தேடினால் கிடைக்கமாட்டான். இது தபால்காரனுக்குத் தெரியும். ஜீப்பில் வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஸமட்டும் அப்படித்தான், மனைவி ஸுல்பிகாவின் வீட்டில் இருந்தார். எழுபத்தேழில் கொழும்பில் சட்டப் படிப்பை முடித்து வந்து, அந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு வாங்கும் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். முதல் இரண்டு வருடமும் வரம்பு வழக்கும் வாய்க்கால் சண்டையும்தான். எழுபத்தொன்பதில் புதிய சட்டம் வந்தது. சந்தேகம் என்று சொல்லி யாரையும் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்றது அது. அதற்குப் பிறகு அந்த வாங்குகளில் தாய்மார் வந்து உட்காரத் தொடங்கினார்கள். தமிழ்த் தாய்மார்தான் அதிகம். ஸமட் அவர்களுக்காக ஆட்கொணர்வு மனு எழுதினார். பிடித்துக்கொண்டு போன ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து காட்டு என்று கேட்கிற மனு அது. எண்பத்தாறு பிறக்குமுன் பதினேழு மனு போட்டிருந்தார். உயிரோடு திரும்பியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒருவனுக்கு இரண்டு காதும் கேட்காது.

எண்பத்தைந்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திக்கொண்ட பிறகு, அவர் பாடு இன்னும் கேவலமாகிப் போனது. "தமிழன்ட வழக்க நீ ஏன் தூக்கிப் பிடிக்கிற?" என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். "சோனகன் நமக்காக வாயத் திறப்பானா?" என்று மற்றப் பக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கமும் முறை வைத்துக் கூரைக்குக் கல்லெறிந்தார்கள். ஸுல்பிகா உடைந்த ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே, "கல்லெறிய வாறவங்களுக்கும் சொல்லி வைங்க. இது உங்கட ஊடில்ல, என்ட ஊடு" என்பார். ஆனால் வழக்கைக் கைவிடும்படி ஒருநாளும் சொன்னதில்லை.

வழக்கில்லாத நாட்களில் ஸமட்டுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போவார். நீங்கள் தாய்வழியில் என்ன குடி, இந்த வளவு யாருடைய உம்மாவுக்கு எந்த வருடம் சீதனமாக வந்தது, மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். இந்தக் கரையின் வரலாறு வீடுகளில்தான் இருக்கிறது, பெண்கள்தான் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இருநூறு தாளுக்குமேல் எழுதிவிட்டார். எண்பத்துமூன்றில், கொழும்பில் உள்ள ஓர் ஆய்வுச் சங்கத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு இங்கிலீசில் ஒரு கட்டுரை கேட்டார்கள். மனுசனுக்குத் தலை கால் தெரியவில்லை. ஒரே மாதத்தில் எழுதி அனுப்பினார்.

அந்தக் கட்டுரையில் ஒரு வசனம் இருந்தது. 'காவின் எழுதப்பட்ட ஆண், இந்தக் கரையில், தன் தாயின் வீட்டில் வசிப்பதில்லை.' காவின் என்பது பள்ளிவாசல் பதிவோடு செய்கிற கல்யாண ஒப்பந்தம். ஸமட்டுக்கு இந்த வசனத்தில் அப்படியொரு காதல். கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் வாசித்துக் காட்டினார். தமிழில் எழுதி வைத்திருந்த மூலப் பிரதியில், இந்த வசனத்துக்குப் பின்னால் இரண்டு தாள் இருந்தது. பெண்ணின் வீடு கட்டி முடியாவிட்டால், காவின் எழுதினாலும் மாப்பிள்ளையைக் கூட்டிப்போகமாட்டார்கள். ஓடு போட்டு, குசினியில் அடுப்பு மூட்டும்வரை அவன் தாய்வீட்டிலேயே கிடப்பான். ஒரு வருடமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். அந்த நாட்களில் பெண்ணின் தெருவால் போகக்கூட வெட்கப்படுவான். இதையெல்லாம் பெயரோடும் ஆண்டோடும் எழுதியிருந்தார். இங்கிலீசில் எழுதும்போது, வசனத்தின் எடுப்பை இந்த இரண்டு தாளும் கெடுப்பதாகப் பட்டது. வெட்டிவிட்டார். புத்தகமாகப் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழகுக்காக உண்மையில் கொஞ்சம் நறுக்கியதை அவர் குற்றமாகவே எண்ணவில்லை.

எண்பத்தாறு மாசியில் வல்லியம்மை வந்தார். தம்பிலுவில் மீன்பிடிக் குடும்பம். கடல் குழம்பியிருந்த மாதங்களில் அவருடைய மகன் கோணாமலை சவளக்கடைப் பக்கம் வேளாண்மை வெட்டுக்கு, நெல்லறுக்கப் போயிருந்தான். வயது இருபத்துமூன்று. வெட்டிக்கொண்டு நின்றவனை வரம்பிலிருந்து இழுத்து ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். படை முகாமில் போய்க் கேட்டால் அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்கிறார்கள். வெட்டுக்காரர் இருபது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள், அந்த வயல் வட்டையில் நெல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதி அப்துல் ஹமீட் தானாகவே ஸமட்டிடம் வந்தான். கல்முனைக்குடிக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

"நான் பார்த்தன் சேர். ஜீப் நம்பரும் தெரியும். அந்தப் பொடியன் என்ட கையப் பிடிச்சான். நான் உதறிட்டன். சோறு இறங்குதில்ல சேர்."

ஸமட் சத்தியக்கடதாசியை எழுத உட்கார்ந்தார். சத்தியம் செய்து கொடுக்கிற அந்தக் கடதாசியில் பெயரும் விலாசமும் இருந்தே ஆகவேண்டும். அதன் பிரதி ஒன்று, பிடித்துக்கொண்டு போனவர்கள் கைக்கே போகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். வழக்கம்போலக் கேட்டார்.

"எந்த ஊட்டுல படுக்கிற?"

"பொஞ்சாதிட ஊட்டுல சேர்."

"அட்டையில?"

"உம்மாட ஊட்டு விலாசம்தான்."

"அதையே போடுவம். தேடி வந்தாங்க எண்டா நீங்க அங்க இரிக்கமாட்டீங்க. அதுக்குள்ள நாம பாதுகாப்புக் கேட்டு எழுதலாம். உம்மாவோட ஆரு இரிக்கிற?"

"உம்மாக்கு நாங்க ரெண்டு ஆம்பிளப் புள்ளதான். தம்பி அச்சிமுகம்மதுக்கும் போன மாசம் காவின் எழுதியாச்சு."

அவ்வளவுதான். காவின் எழுதியாச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் ஸமட்டின் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் இனி ஆண்பிள்ளை இல்லை, வயதான ஒரு மனுசி மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார். ஊரையே கேட்டுக் களைத்த அந்தக் கேள்வியை, தம்பி எந்த வீட்டில் படுக்கிறான் என்ற ஒரே ஒரு கேள்வியை, அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. தன்னுடைய வசனத்தைத் தானே நம்பிவிட்டார். தாய்வீட்டு விலாசத்தைப் போட்டுப் படைக்காரரை ஏமாற்றிவிட்ட சந்தோசத்தில் ஹமீடுக்குத் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார்.

மனு கொழும்புக்குப் போய் ஒன்பதாம் நாள், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், ஹமீடின் தாய் ஹாஜறா உம்மாவின் வாசலில் ஜீப் நின்றது. அச்சிமுகம்மது சோறு தின்றுகொண்டிருந்தான். ஹமீட் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றார் ஹாஜறா. பெண்டாட்டி வீட்டில் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட நடை. அவர் சொல்லவில்லை. "அப்ப இவன் வரட்டும். மூத்தவன் வந்தா இவன விடுவம்" என்று, சோறு பிசைந்த கையோடு அவனை எழுப்பிக்கொண்டு போனார்கள். கை கழுவக்கூட விடவில்லை.

ஹாஜறா ஸமட்டின் வாங்கில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது, அவர் முதலில் நம்பவே இல்லை.

"அவனுக்குக் காவின் முடிஞ்சுதானே உம்மா? அவன் ஏன் உங்கட ஊட்டுல?"

"பொண்ணு நஸீறாட ஊடு இன்னும் முடியல்ல மகன். ஓடு பாதிதான் போட்டிரிக்கி, குசினி இழுத்துக் கிடக்கு. நோன்புக்கு முதல் கூட்டிப் போறம் எண்டாங்க. அதுவரைக்கும் என்னோடதான் இருந்தான். உங்களுக்குத் தெரியாத வழக்கமா மகன்?"

தெரிந்த வழக்கம்தான். அவர் கையாலேயே எழுதி, அவர் கையாலேயே வெட்டிய வழக்கம். அன்றிரவு ஸமட் சாப்பிடவில்லை. ஸுல்பிகா காரணம் கேட்டார். சொன்னார். ஸுல்பிகா சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹமீட் முகாமுக்குப் போய்த் தன்னைக் கொடுக்கப் புறப்பட்டான். ஸமட் மறித்தார். "நீங்க போனா அவன் வரமாட்டான். ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான்" என்று சொல்லி, சாகாமத்தில் ஒரு வயல் காவல் வாடிக்கு அவனை அனுப்பினார். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலேயே இருந்தார்கள். கிழமைக்கு ஒருநாள், பொழுது படுகிற நேரம், அவன் சைக்கிளில் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவான். அந்த வீடு எது என்று மட்டும் முகாமுக்குத் தெரியக்கூடாது. ஹமீடின் உயிர் இதில்தான் தொங்கியது.

அச்சிமுகம்மதுக்காக இரண்டாவது மனு போட்டார். ஹாஜறா ஒருவர்தான் சாட்சி. அயலில் யாரும் ஜீப்பைக் காணவில்லையாம். 'என் மகன் என்னோடு என் வீட்டில் வசிக்கிறான், அங்கிருந்துதான் கொண்டு போனார்கள்' என்று ஹாஜறா பெருவிரல் வைத்துக் கொடுத்தார்.

ஆவணி மாதம் இரண்டு மனுவும் ஒரே நாளில் கொழும்பில் அழைக்கப்பட்டன. ஸமட் ஹாஜறாவையும் வல்லியம்மையையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தாய்மாரும் ஒரே இருக்கையில் இருந்து, ஒரு பார்சல் இடியப்பத்தைப் பகிர்ந்து தின்றுகொண்டு போனார்கள். ஸமட்டின் தோல் பையில் மனுக்களோடு அந்த இரண்டு தாளும் இருந்தது. இளையவன் ஏன் தாய்வீட்டில் இருந்தான் என்று கேட்டால் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

அரச தரப்புச் சட்டத்தரணி இளவயதுக்காரர், நல்ல சுறுசுறுப்பு. அந்த வீட்டில் யாரையும் கைது செய்யவில்லை என்றார். அந்த வீட்டில் கைது செய்ய ஆண்பிள்ளையே இல்லை என்றார். பிறகு கறுப்பு அங்கிக்குள்ளிருந்து ஓர் ஆண்டு மலரை எடுத்தார்.

"காவின் எழுதப்பட்ட ஆண் இந்தக் கரையில் தன் தாயின் வீட்டில் வசிப்பதில்லை. இதை எழுதியவர் என் கற்றறிந்த நண்பர் திரு. ஸமட்தான். அச்சிமுகம்மதுக்குத் தை மாதம் காவின் எழுதப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அப்படியானால் தாயின் சத்தியக்கடதாசி பொய். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மற்ற மனுவின் சாட்சி ஹமீட், மூன்று பிள்ளைகளின் தகப்பன், அவரும் இதே வீட்டில்தான் வசிக்கிறாராம். அந்த ஊர் ஆண்கள் கல்யாணம் முடித்தால் தாயோடு இருக்கிறார்களா, இல்லையா? இரண்டில் ஒன்றை நண்பர் சொல்லட்டும்."

நீதியரசர் ஸமட்டைப் பார்த்தார்.

ஸமட்டுக்கு வலை முழுதாகத் தெரிந்தது. பையைத் திறந்து அந்த இரண்டு தாளையும் கொடுத்தால் அச்சிமுகம்மது தாயோடு இருந்தது நிரூபணமாகும். இன்றைக்கே விசாரணைக்கு உத்தரவு வரலாம். ஆனால் அந்தத் தாள், வீடு முடிந்தவன் பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பான் என்றும் சொல்கிறது. ஹமீட் கொடுத்த விலாசம் பொய் என்று அந்தக் கணமே ஆகும். வல்லியம்மையின் மனு சரிந்துவிடும். ஹமீட் எங்கே வசிக்கிறான் என்று நீதிமன்றம் கேட்கும், அதற்கு அவர் பதில் சொல்லியாகவேண்டும். அந்த வாசலில் ஒருநாள் ஜீப் நிற்கும். ஒரு மகனை எடுத்தால் மற்ற மகனைக் கொடுக்கவேண்டும். பின்வரிசையில் ஹாஜறா, இங்கிலீசு விளங்காமல், அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸமட் பையைத் திறக்கவில்லை.

"அந்தக் கட்டுரை பிழை, கனம் நீதியரசரே" என்றார்.

"உங்கள் வரலாறா பிழை, உங்கள் கட்சிக்காரியா?"

"என் வரலாறு."

சபையில் ஓரிருவர் சிரித்தார்கள். தான் எழுதியதையே தான் மறுக்கிற ஒருவருடைய வாதத்தை நம்பி விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று இரண்டாவது மனு தள்ளுபடியானது. கோணாமலையின் மனு இன்னும் ஒன்றரை வருடம் இழுபட்டு, அப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை என்ற ஒற்றை வரியோடு அதுவும் முடிந்தது. வல்லியம்மை பிறகு வரவில்லை. அவருக்கு ஸமட் எழுதிய மூன்று கடிதமும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

அன்று நடைபாதையில் ஹாஜறா கேட்டார், "என்ன மகன் சொன்னாங்க?"

"கேட்கல்ல உம்மா. நாம கதைச்சதக் கேட்கல்ல."

தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது ஹாஜறா அவர் தோளைத் தட்டி, "நீங்க உங்களால ஏலுமானதச் செஞ்சீங்க மகன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஸமட்டால் தாங்கமுடியாமல் போனது.

நாடு மாறியது, இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது, வேறு படை வந்தது. பழைய முகாம்காரர் இடம் மாறிப் போனார்கள். ஹமீட் பயமில்லாமல் ஊருக்கு வந்து பழையபடி உழவு இயந்திரம் ஓட்டினான். அச்சிமுகம்மது வரவில்லை. அவனுக்காகக் கட்டிய வீட்டில் ஓடு போட்டு, குசினியும் முடிந்து, நஸீறா அதில் தாய் தகப்பனோடு இருந்தாள். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. எண்பத்தெட்டில் அவளுடைய தகப்பன் ஸமட்டிடம் வந்தார்.

"ஒரு மாப்பிள கிடைச்சிரிக்கி. சவூதிக்குப் போற பொடியன். மூணு கிழமைக்குள்ள முடிக்கோணும் எண்டு நிக்கிறாங்க. காதிக்கிட்ட பஸஹ் கேட்டிரிக்கம். ஆனா இத்தா இரிக்கச் சொன்னா மூணு மாசம் போயிரும். ரெண்டு பேரும் ஒரு நாளும் ஒண்டா இரிக்கல்ல எண்டு காட்டினா இத்தா தேவையில்லையாம். நீங்க வந்து ஊர் வழக்கத்தச் சொன்னாப் போதும்."

பஸஹ் என்பது காணாமற்போன புருஷனிடமிருந்து பெண்ணை விடுவிக்கிற தீர்ப்பு. பிரிந்தபின் பெண் காத்திருக்கவேண்டிய காலம் இத்தா. முஸ்லிம்களின் கல்யாண வழக்குகளைத் தீர்க்கிற காதி கோட்டில் லோயர்மார் வாதாட இடமில்லை. ஊர் வழக்கம் தெரிந்த சாட்சியாகத்தான் ஸமட் போனார். நஸீறா இளம்பெண், அவளுக்காவது ஒரு வழி பிறக்கட்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் குற்றமில்லை. புருஷன் வீட்டுப் பக்கமாக ஹாஜறாவும் ஹமீடும் அங்கே இருப்பார்கள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. வாசலில் அவர்களைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் காதி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

ஸமட் பையைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த இரண்டு தாளையும் எடுத்து வாசித்தார். ஓடு போட்டு அடுப்பு மூட்டும்வரை மாப்பிள்ளை தாய்வீட்டில்தான் வசிப்பான் என்ற இடம் வந்ததும், காதி கையை உயர்த்தினார். "போதும், போதும். இதுதானே எங்கட ஊர் வழக்கம். இதுக்கு ஏன் சாட்சி?" கோப்பில் நான்கு வரி எழுதினார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. நஸீறாவின் தகப்பன் ஸமட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹாஜறா நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"அதத் திருப்பி வாசிங்க மகன்."

ஸமட் வாசித்தார்.

"இது என்ட மகன்ட கதைதானே. அவன் ஏன் என்னோட இருந்தானெண்டு அப்படியே இரிக்கி. எப்ப எழுதின?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராவதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். "எண்பத்திமூணுல" என்றார்.

"நாம கொழும்புக்குப் போன நேரம் இது எங்க?"

"இந்தப் பேக்குக்குள்ளதான் உம்மா."

ஹமீட் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் காட்டல்ல?" என்றார் ஹாஜறா.

"காட்டியிருந்தா ஹமீட் படுக்கிற ஊடு தெரிஞ்சிரும். ரெண்டுல ஒண்டுதான் ஏலுமா இருந்த."

ஹாஜறா திரும்பிப் பக்கத்தில் இருந்த மூத்தவனைப் பார்த்தார். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவர் அவனைத் தொடவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நான் பின்னுக்குத்தானே இருந்தன்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க உம்மா?"

"அத இனி நான்தான் யோசிச்சிக் கிடக்கோணும்" என்றார் ஹாஜறா. "மூத்தவன்ட மூஞ்சப் பார்க்கிற நேரமெல்லாம் யோசிக்கோணும்."

காதியின் எழுத்தர் மைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே நடந்தது ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. ஹாஜறாவின் பெருவிரலைப் பிடித்து மையில் தேய்த்து, கோப்பின் அடியில் அழுத்தினார். பெயரைக் கேட்டு எழுதினார். விலாசம் கேட்டார். ஹாஜறா சொன்னார்.

"அந்த ஊட்டுல உங்களோட வேற ஆரு இரிக்கிற?" என்று எழுத்தர் கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது.

ஸமட் தாள்களை மடித்துக்கொண்டு நின்றார்.

"ஆருமில்ல" என்றார் ஹாஜறா.